கோலில் நின்றவர்

பீட்டர் தங்கராஜ் இறந்து பதினைந்து வருடம் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. என் பெரியப்பாவுக்கு அதுவரைக்கும் தெரியாது என்பதுதான் இன்னும் மோசம்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். சாமை அறுத்த கொல்லைதான் எங்களுக்கு மைதானம். ஒரு பக்கம் சரிவு. கோலைத் தாண்டினால் பந்து ஓடை வரைக்கும் உருண்டு போகும், போய் எடுத்துவர வேண்டியது கோல்கீப்பர். அதனால் அங்கே நிற்க ஒருத்தனும் வரமாட்டான். எட்டாம் வகுப்பில் நெட்டையாக வளர்ந்த பாவத்துக்குப் பெரியப்பா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

அவர் எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். "நானும் கோல் அடிக்கணும் பெரியப்பா" என்று ஒருநாள் அழுதேன்.

"டேய், எங்க தங்கராஜே மொதல்ல கோல் அடிக்கிற ஆளாத்தான் வந்தாரு. அப்புறந்தான் கோல்ல நின்னாரு. ஆசியாவுலயே அவருக்கு மேல ஆளு கெடையாது."

அவர் தங்கராஜைப் பார்த்ததே இல்லை. கேட்டதெல்லாம் பாரக்கில் சீனியர்கள் சொன்னதுதான். எனக்கு அது பட்டாளத்துக் கதை. அழுகிற பையனுக்குக் கொடுத்த மிட்டாய் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2024இல் 'மைதான்' படம் வந்தது. திரையில் தங்கராஜ் என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறைக்கு வந்து விடியவிடியத் தேடினேன். பெரியப்பா சொன்னது அத்தனையும் நிஜம்.

1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தார். முதலில் சென்டர் ஃபார்வர்ட், பிறகு கோல்கீப்பர். அந்த அணி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் காய்ச்சலில் கிடந்தவரை, இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ரஹீம் கோலில் நிறுத்தினார். ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்திய அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். பிறகு கல்கத்தாவின் பெரிய கிளப்புகள், 1967இல் அர்ஜுனா விருது, கடைசியில் பொகாரோ உருக்காலை நகரில் பையன்களுக்குப் பயிற்சி.

அடுத்த வரி: 24 நவம்பர் 2008, பொகாரோவில் மாரடைப்பால் மரணம்.

அந்த வாரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நிஷா புயல் மழை. கொல்லை முழுக்கத் தண்ணீர். இரண்டு நாளில் மும்பைத் தாக்குதல். மலைக்கு ஏறிவந்த பேப்பரில் வேறெதற்கும் இடம் இருந்திருக்காது. மழை விட்டதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டுச் சேற்றில் விழுந்து பந்து பிடிக்கப் பழக்கினார். "தங்கராஜ் இருக்காரு பாரு..." என்றுதான் அப்போதும் ஆரம்பித்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் சொன்னேன். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்போ?"

"2008லயே பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத எப்படிக் கண்டுபிடிச்ச?"

படம் பார்த்ததையும் தேடியதையும் சொன்னேன். நீங்க சொன்னதெல்லாம் நிஜந்தான் பெரியப்பா என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ இத்தன வருஷமா நீ நம்பலியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் மறுபடி புளி உடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் கொல்லையில் பையன்கள் ஆடினார்கள். கோலில் நின்ற பொடியன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பெரியப்பா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எங்க பட்டாளத்துல தங்கராஜ்னு ஒருத்தரு இருந்தாருடா. ஆசியாவுலயே பெரிய கோல்கீப்பர்னு சொன்னாங்க. அது எந்த வருஷம்டா?"

கேள்வி எனக்கு.

"அம்பத்தெட்டு, பெரியப்பா" என்றேன்.