வீட்டுடையார் கடன்

தன் பொருளைக் கொண்டு தன் நிலத்தில் ஒருவன் கட்டிய வீட்டை அவன் எவ்வாறு வைத்துக்கொள்ளவேண்டுமென்று பிறர் விதி வகுத்தல் முறையாகுமோ? இவ்வினாவை யான் சிறுவயது தொட்டு எங்கள் தெருவிற் பலர் வாயிலாகக் கேட்டதுண்டு. மாநகராட்சி ஊழியர் வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லையென்று கண்டிக்கும்பொழுதும், மக்கும் குப்பையை வேறாகவும் மக்காத குப்பையை வேறாகவும் தரவேண்டுமென்று வற்புறுத்தும்பொழுதும் இம்முணுமுணுப்பு எழும். "வரி செலுத்துகின்றோம், மதிலுக்கு உட்பட்டது நம்முடையது, அதில் இவர்களுக்கு என்ன அலுவல்?" என்பர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அதனால் எங்கள் குடும்பத்திற்குப் புகழ் வருமென்று சொல்லுதற்கில்லை. ஆயினும் தந்தையாரின் இசைவு பெற்றே எழுதுகின்றேன்.

இத்தகைய விதிகள் இன்று நேற்றுத் தோன்றியவையல்ல. புதிதாக வீடு கட்டுபவன் மேல்தளத்திற்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டுமென்றும், அஃது இன்மையால் எவரேனும் விழுந்து மடிந்தால் அப்பழி அவ்வீட்டைச் சாருமென்றும் உபாகமம் கூறுகின்றது. குழி வெட்டி அதனை மூடாது விட்டவன், அதில் விழுந்த மாட்டின் சொந்தக்காரனுக்கு ஈடு செய்யவேண்டுமென்பது யாத்திராகமத்தின் கட்டளை. அந்நாளைய சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் வண்ணம் ஒருவர் தம் இடத்தில் நீரைத் தேங்கவிடலாகாது என்கின்றது. காலமும் நாடும் வேறாயினும் இம்மூன்றின் உட்கருத்து ஒன்றே. மாடி என்னுடையதாயினும் அதிலிருந்து விழுபவன் பிறன். தொட்டி என்னுடையதாயினும் அதிற் பிறந்த கொசு மதிலைக் கடந்து செல்லும்.

யான் சிறப்பாகச் சொல்லவந்தது மழைநீரைப் பற்றிய விதி. சென்னை நகருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கின்றது. அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களிற் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மாடியைக் கணக்கிட்டால், ஓராண்டில் அதன்மேல் விழும் நீர் 1,40,000 லிட்டர். ஆவியாயும் சிதறியும் போவது போக ஒரு லட்சம் லிட்டராவது எஞ்சும். இந்நீரைத் தெருவில் ஓடவிடாது நிலத்துள் இறக்கவேண்டுமென்று 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. புதிய கட்டடங்களேயன்றிப் பழைய வீடுகளும் அதற்கு உட்பட்டன. மாடி நீரைக் குழாய் வழியே கீழிறக்கி, கல்லும் மணலும் பரப்பிய வடிகட்டுக் குழியிற் செலுத்தி, கிணற்றிலோ நிலத்திலோ சேர்ப்பிப்பதே முறை. வீட்டுடையார் செய்யத் தவறின், உள்ளாட்சி மன்றமே அதனைச் செய்து செலவைச் சொத்துவரிபோல் வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். கொடுத்த தவணையோ சில மாதங்களே. ஆகவே அவ்வாண்டிற் கொத்தனார்களுக்கு ஓயாத வேலை இருந்ததாம்.

எங்கள் வீட்டுச் சுவரிலும் மாடியிலிருந்து மண்வரை ஒரு குழாய் இறங்குகின்றது. யான் பிறப்பதற்கு முன்னரே அமைந்தது அது. அதனைக் காணுந்தோறும், விதியை வழுவாது நிறைவேற்றிய வீடு எங்களுடையதென்றே கருதியிருந்தேன்.

2019-ஆம் ஆண்டு வந்தது. முன்னாண்டின் பருவமழை பொய்த்தமையால், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தனர். அப்பொழுது யான் பள்ளிச் சிறுவன். லாரியின் ஓசை கேட்டதும் குடங்களுடன் ஓடுவதே எனக்கு அக்கோடையின் வேலை. எங்கள் வீடு கடலுக்கு அணித்தாக உள்ளது. ஆகவே எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் நாளுக்கு நாள் உப்பேறி, சோறு சமைக்கவும் ஆகாமற் போயிற்று. நிலத்தடியில் நன்னீர் குறையுங்கால் கடல்நீர் உட்புகும் என்பதைப் புத்தகத்திற் படிக்குமுன் நாவினால் அறிந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியார் தனித்து வாழ்கின்றார். யாங்கள் அவரைப் பாட்டி என்றே அழைப்போம். அவர் வீட்டுக் கொல்லையிற் பழைய உறைக்கிணறு ஒன்று உண்டு. அக்கோடையிலும் அதில் முழங்காலளவு நீர் நின்றது, உப்புக் கரிக்கவுமில்லை. அவர் மதிலருகே வந்து, "தம்பி, குடத்தை எடுத்துக்கொண்டு வா, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு எடுத்துக்கொள்" என்றார். மழை வரும்வரை யாங்கள் காய்ச்சி அருந்தியது அந்நீரே. அவர் கிணறு நல்ல ஊற்றில் அமைந்துவிட்டது என்று எங்கள் வீட்டிற் பேசிக்கொண்டோம். புரட்டாசிதோறும் அவர் ஆளை அமர்த்தி, தம் வீட்டு வடிகட்டுக் குழியின் மணலையும் கல்லையும் அள்ளிக் கழுவி மீண்டும் இடுவித்ததை மதிலுக்கு இப்பாலிருந்து யான் பலமுறை கண்டதுண்டு. அதற்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்த்திலேன்.

யான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டின் மழைக்காலத்தில் அத்தொடர்பு விளங்கிற்று. ஒருநாள் இரவெல்லாம் மழை. விடியற்காலையிற் பாட்டியின் வாயிலிற் கணைக்காலளவு நீர் தேங்கி, அவர் வெளியே வரமாட்டாது நின்றார். அந்நீர் எங்கிருந்து வருகின்றதென்று பார்த்தேன். எங்கள் வீட்டுக் குழாயின் அடியில் மண் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுந்த நீர் எங்கள் வாயில் வழியே சரிந்து அவர் வாயிலிற் போய்த் தங்கிற்று. மழை விட்டபின் கொத்தனாரை அழைத்துத் தோண்டச் செய்தோம். ஒரு முழம் தோண்டியதும் குழாய் முடிந்துவிட்டது. அதன்கீழ்க் குழியுமில்லை, கல்லுமில்லை. வெறும் மண்ணும், என்றோ எஞ்சிய சிமெண்டுக் கட்டியுமே இருந்தன. கொத்தனார் சிரித்துக்கொண்டு, "இது பார்க்க வருகிறவருக்குக் காட்டுவதற்காக வைத்த குழாய், சார்" என்றார்.

யான் தந்தையாரை நோக்கினேன். அவர் நிலத்தை நோக்கினார். என் தந்தையார் பிறர் பொருளில் ஒரு காசும் தவறாதவர். எங்கள் சபையின் காணிக்கைக் கணக்கைப் பல ஆண்டுகளாக அவரே எழுதிவருகின்றார். அன்றிரவு உணவுக்குப்பின் அவரே வாய்திறந்தார். 2003-இல் வீடு கட்டிய கடன் தீராதிருந்ததாம். கொத்தனார் ஒருவர் பாதிச் செலவில் முடித்துத் தருவதாகவும், பார்க்க வருபவர் மண்ணுக்கு மேலே உள்ளதைத்தான் பார்ப்பாரென்றும் சொன்னாராம். அவ்வாறே வந்தவரும் குழாயைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டாராம். "பிறகு செய்துகொள்ளலாமென்று நினைத்தேன். மழை வந்தது, மறந்துவிட்டேன். 2019-இல் நினைவு வந்தது. அப்பொழுது சொல்ல வெட்கமாயிருந்தது" என்றார். அவ்வெட்கத்தின் நடுவே நாள்தோறும் நான்கு குடம் நீரை அடுத்த வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதை அவர் சொல்லவில்லை. யான் சொல்லவும் துணியவில்லை.

மறுநாள் அவர் தாமே சென்று பாட்டியிடம் நடந்ததைக் கூறினார். யானும் உடன் சென்றேன். பாட்டி சினங்கொள்ளவில்லை. "குழியை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதலில் ஆழம் போதாமல் மறுபடியும் வெட்டவேண்டியதாயிற்று" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்திற்குக் குழி வெட்டி, அடியில் உடைகல்லும், அதன்மேற் கூழாங்கல்லும், மேலே பருமணலும் இட்டோம். எங்கள் பகுதி மணற்பாங்கானமையால் இதுவே போதுமென்றார் கொத்தனார்; களிமண் நிலமாயின் குழியின் நடுவே துளையிட்டு இன்னும் ஆழத்திற்கு நீரைச் செலுத்தவேண்டுமாம். இவ்வேலைக்கு ஆன செலவு, 2019-இல் இரண்டு மாதங்களில் தண்ணீர் லாரிக்குக் கொடுத்ததினும் குறைவே.

அதன்பின் யான் சிந்தித்தது இது. மதில் நிலத்திற்கு மேலேதான் உண்டு. நிலத்திற்குக் கீழே மதில் இல்லை. ஒரு வீட்டார் இறக்கிய நீரை அடுத்த வீட்டார் இறைக்கின்றனர்; ஒரு வீட்டார் இறக்காது விட்ட நீர் அடுத்த வீட்டார் வாயிலிற் போய் நிற்கின்றது. ஆதலின் என் வீடு, என் விருப்பம் என்னும் சொல் மண்ணுக்கு மேலே ஓரளவு செல்லுமேயன்றிக் கீழே செல்லாது. சட்டத்தின் கண்ணோ மண்ணுக்கு மேலேதான் காணும். குழாயின் மறுமுனை எங்கே முடிகின்றதென்பதை வீட்டுடையார் மனச்சான்று ஒன்றே அறியும். விதி அங்கே நின்றுவிட, அயலானை நேசித்தல் அங்கே தொடங்கவேண்டியிருக்கின்றது.

ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் கட்டடங்களுக்கு இடமாக்கிவிட்டு, எளிய வீட்டுக்காரனை மட்டும் குழி வெட்டச் சொல்லுதல் நீதியோ என்று சிலர் கேட்பர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெரிதும் சுருங்கிப்போனது மெய்யே, கேள்வியும் கேட்கத்தக்கதே. ஆயினும், தன் வீட்டுக் குழாயின் அடியைத் தோண்டிப் பார்த்த ஒருவன் அதனைக் கேட்பானாயின் அக்கேள்விக்கு வலிமை மிகும்.

ஆபிரகாம் காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்தனர் என்றும், மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினான் என்றும் ஆதியாகமத்திற் படிக்கின்றோம். எங்கள் வீட்டிலோ தூர்த்த பகைவர் எவருமிலர். சென்ற புரட்டாசியில் தந்தையாரும் யானும் எங்கள் குழியின் மணலை அள்ளிக் கழுவினோம். பிறகு பாட்டி வீட்டுக் குழியையும் கழுவிக் கொடுத்தோம். முதுமையால் அவருக்கு இப்பொழுது ஆளை அமர்த்தி வேலை வாங்குவது எளிதாயில்லை.

நண்பர்காள், விடுமுறைக்கு வீடு செல்லும்போது மாடியில் ஒரு குடம் நீரை ஊற்றி, அது எங்கே போய்ச் சேர்கின்றதென்று பாருங்கள். நம் விடுதியிலும் அங்ஙனமே பார்ப்போமாக. அது நிலத்துட் சேருமாயின் மகிழ்ச்சி. சேராதாயின், அடுத்த மழைக்கு முன்னரே ஒரு மண்வெட்டி தேடுவோமாக.