ஒரு வரிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கும்பகோணம் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றுக்குத் திருவிழாப் பத்திரிகை அடிப்பது லேசான வேலை இல்லை. கொடியேற்றத்தில் ஆரம்பித்து விடையாற்றி வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மண்டகப்படி, ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு உபயதாரர் குடும்பம், அந்தக் குடும்பத்துக்குள் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்றொரு வரிசை. தாத்தா காலத்தில் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசித் தீர்த்த வரிசை அது. ஒரு பெயர் இடம் மாறினால் தேர் நிலையை விட்டு நகராது. அதனால் எந்த அச்சகக்காரரும் புதிதாகக் கம்போஸ் செய்யத் துணிய மாட்டார். போன வருட ஃபைலைத் திறந்து, தேதி, கிழமை, நட்சத்திரம் மாற்றி, இடையில் காலமானவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, பிரிண்ட் கொடுத்துவிடுவார்.

அந்த ஃபைல் பேஜ்மேக்கரில் இருக்கும். பேஜ்மேக்கர் விண்டோஸ் 98-இல் இருக்கும். எனக்குப் பழக்கமான அச்சகத்து அண்ணன் ஒருவரிடம் அந்த விண்டோஸ் 98, மேசைக்கடியில் தூசி படிந்த ஒரு டப்பாவில் இருந்தது. முகூர்த்த நாட்கள் நெருக்கியடிக்கும் சமயம் பார்த்து அது நின்றுபோனது. திறந்தால் மதர்போர்டில் கபாசிட்டர்கள் வரிசையாக வயிறு உப்பிக் கிடந்தன. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது.

ஃபைலைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் போச்சு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, 2001-இல் வந்தது. அதன் ஃபைலை இன்டிசைன் திறக்கும், ஆனால் சிஎஸ்6 வரைக்கும்தான். அப்படியே திறந்தாலும் எழுத்து நிற்காது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் ஃபான்ட் செய்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு எழுத்துகளை வைத்தார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ஞ' வைத்திருப்பார். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தேர்ந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது. அச்சகங்கள் எந்த மாநாட்டுக்கும் காத்திருக்கவில்லை. கையில் இருந்த ஃபான்டில் அடித்துக்கொண்டே இருந்தன.

மாற்றித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் சிக்கல் ஒற்றைக்கொம்பில் தொடங்குகிறது. பழைய ஃபான்டில் 'கெ' அடிக்கக் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், 'க' பின்னால். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். ஒரு கொம்பு வரிக் கடைசியில் தனியாக நின்று அதன் எழுத்து அடுத்த வரியில் விழுந்திருந்தால் மாற்றி தடுமாறும். எழுத்தே சரியாக வந்தாலும், நாலு பத்தியாகக் கட்டிய பக்கமும் நடுவில் சுவாமி படமும் ஓரத்தில் பூவேலையும் போய்விடும். திருவிழாப் பத்திரிகைக்கு அதுதானே உயிர்? எனவே ஃபைலை இழுத்து வருவதை விட்டுவிட்டு, செத்துப்போன கம்ப்யூட்டரையே எழுப்பிவிடுவது என்று முடிவானது.

எழுப்ப உதவியது கியூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-இல் வெளியிட்ட இலவச எமுலேட்டர், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக நடிக்கும் மென்பொருள். உலகம் வீடியோ பார்க்கவும் மாற்றவும் நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக் தொகுப்பைத் தொடங்கியவரும் இவர்தான். கியூஎமுவில் கிளிக் செய்ய அழகான ஜன்னல் எதுவும் கிடையாது. டெர்மினலில் ஒரு வரி தட்ட வேண்டும். எந்தப் பிராசசர், எவ்வளவு ராம், எந்த டிஸ்க், எந்த வீடியோ கார்டு என்று எல்லாவற்றையும் அந்த வரியிலேயே சொல்லியாக வேண்டும். பலர் இதைப் பார்த்து ஓடிவிடுவார்கள். எனக்கு இதில்தான் பிடிப்பு. இருபது வருடம் ஒருவர் காலடியில் கிடந்த டப்பா, திருகு, ஒயர், தூசி எல்லாம் கழன்றுபோய் ஒரு வரி எழுத்தாக நிற்கிறது. எழுத்தாக ஆகிவிட்டால் அதைத் தாளில் குறிக்கலாம், போனில் சொல்லலாம்.

அண்ணனுக்குப் போனில்தான் சொன்னேன். டிஸ்க்கைப் பிரதியெடுத்து, கியூகவ்2 என்ற வடிவத்துக்கு மாற்றி, பென் டிரைவில் கொடுத்து அனுப்பியிருந்தேன். அந்த வடிவத்தில் வெறும் இடத்துக்குக் கனம் கிடையாது, எழுதிய அளவுக்குத்தான் ஃபைல் வளரும். அவர் மகன் சென்னையிலிருந்து வந்தபோது தன் பழைய லேப்டாப்பில் கியூஎமு நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"எழுதிக்கிறீங்களாண்ணே? கியூஎமு, ஹைபன், சிஸ்டம், ஹைபன், ஐ 386."

"கியூ ஈ எம் யு. ம்."

"ஸ்பேஸ். ஹைபன் எம், ஸ்பேஸ், 256."

"ஏன் தம்பி 256? இதுல 8 ஜிபி இருக்குன்னு பய சொன்னான்."

"98-க்கு அது தாங்காதுண்ணே. 512-க்கு மேலே போனாலே ராம் பத்தலைன்னு சொல்லும்."

"ஜாஸ்தி குடுத்தா பத்தலைங்குமா? நல்லா இருக்கே!"

அடுத்து ஹைபன் ஹெச்டிஏ, டிஸ்க் ஃபைலின் பெயர். ஹைபன் விஜிஏ சிரஸ். அந்தச் சிரஸ் கார்டு லேப்டாப்பில் எங்கேயும் இல்லை, கியூஎமு போடும் வேஷம்; ஆனால் விண்டோஸ் 98 அதை அடையாளம் காணும். கடைசியாக ஹைபன் பேரலல் ஃபைல் கோலன் என்று போட்டு ஒரு ஃபைல் பெயர். விண்டோஸ் 98 தன் பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு அனுப்புவதெல்லாம் காகிதத்துக்குப் போகாமல் லேப்டாப்பில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக விழும். அதைப் பிடிஎஃப் ஆக்கிப் பிளேட் போடக் கொடுத்துவிடலாம். இந்த ஒரு ஹைபனுக்காகவே பெல்லாருக்குக் கும்பகோணம் வெற்றிலை வாங்கித் தரலாம்.

முதல் தடவை எழும்பியதும் விண்டோஸ் தான் வேறு வீட்டில் விழித்திருப்பதைக் கண்டுகொண்டு, 'புது ஹார்டுவேர்' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தொலைத்தது. எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்த பிறகு பேஜ்மேக்கர் திறந்தது, பத்திரிகை வந்தது, பெயர்கள் அதே வரிசையில் நின்றன. அண்ணன் அந்தக் கட்டளையைப் பில் புத்தகத்தின் கடைசி அட்டையில் ஹைபன் ஹைபனாக எழுதி வைத்திருக்கிறார். ஃபான்டுக்கு டாங்கிள் பூட்டு போட்டு விற்ற காலமும் ஒன்று இருந்தது; 25 பின் போர்ட்டில் செருகினால்தான் எழுத்து வரும். இவருடையது பூட்டில்லாதது. பூட்டு உள்ளவர்களுக்கு அசல் போர்ட்டையே உள்ளே கொடுக்க வழியுண்டு, ஆனால் இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டுக்கு எங்கே போவது?

ஒரு புகார் மட்டும் வந்தது: "நான் சும்மா இருந்தாலும் லேப்டாப் சூடாவுது தம்பி." விண்டோஸ் 98-க்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேலை இல்லாதபோது பிராசசரை நிறுத்தி வைக்கும் கட்டளை ஒன்று உண்டு. 98 வகையறா அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதையே முழு மூச்சாகச் செய்துகொண்டிருக்கும்.

மகனின் லேப்டாப் ஆப்பிள் எம்1. அதன் பிராசசர் ஆர்ம் வகை. விண்டோஸ் 98 பேசுவது இன்டெல்லின் 386 பாஷை. உள்ளேயும் வெளியேயும் ஒரே வகைப் பிராசசராக இருந்தால் லினக்ஸில் 2007-இல் சேர்ந்த கேவிஎம் மூலமாகக் கட்டளைகளை நேரடியாக ஓடவிடலாம். இங்கே அது நடக்காது. கியூஎமு 386 கட்டளைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து ஆர்முக்குப் பெயர்த்து, பெயர்த்ததைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதே துண்டு மறுபடி வந்தால் மறுபடி பெயர்ப்பதில்லை. ஒரு துண்டின் முடிவை அடுத்ததன் தலையோடு பிணைத்தும் விடுகிறது. மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வரும் தண்ணீர், காய்ந்து வெடித்த வாய்க்காலில் முதலில் அடி அடியாகத்தான் நகரும்; மண் குடித்து முடித்த பிறகு ஓட்டம் பிடிக்கும். பேஜ்மேக்கரும் முதலில் திறக்கும்போது முக்கும், பிறகு ஓடும். அன்றைய பென்டியத்தின் வேகம் இன்றைய பிராசசருக்குப் பொருட்டே இல்லை என்பதால் பெயர்ப்பின் சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை.

செத்துப்போன கம்ப்யூட்டரை மட்டுமல்ல, கைக்குக் கிடைக்காத கம்ப்யூட்டரையும் கியூஎமு எழுப்பும். அதில் ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. அதனிடம் 'என்னென்ன மெஷின் தெரியும்' என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். ஹைபன் மெஷின் ஹெல்ப், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் 'சக்தி சி' என்று ஒன்று இருக்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு 2014-இல் தொடங்கிய சக்தி பிராசசர்தான் அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை வைத்து வடிவமைத்தார்கள். யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. 2018-இல் சக்தி சிப்பில் லினக்ஸ் எழும்பியது. கியூஎமுவுக்குள் சக்தி சேர்ந்தது 2021-இல்.

தஞ்சாவூரில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் சக்தியை யாரும் கையில் தொட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் சக்திக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். கியூஎமுவின் சக்தி சி மெஷினுக்குத் திரை கிடையாது, டிஸ்க் கிடையாது. கோர், மெமரி, இன்டரப்ட், டைமர், எழுத்து வெளியே வர ஒரு சீரியல் போர்ட், அவ்வளவே. ஹைபன் நோகிராஃபிக் போட்டால் அந்த எழுத்து டெர்மினலிலேயே வரும். வந்த பிறகு வெளியேறுவது எப்படி என்று தெரியாமல் வருடா வருடம் பாதி வகுப்பு ஜன்னலையே மூடிவிடுகிறது. கன்ட்ரோல் ஏ, பிறகு எக்ஸ். கரும்பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

வகுப்பில் ஒரு பையன் திருவையாறு பக்கம். அப்பாவுக்கு போர்வெல்லும் குறுவையும் உண்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் உடனே எடுக்கக் கூடாது, கொஞ்சம் பொறுத்து வோல்டேஜ் நிதானித்த பிறகு எடுக்க வேண்டும் என்று ஒரு ஸ்டார்ட்டர் புரோகிராமைச் சக்திக்கு எழுதினான். அந்தக் கொஞ்சத்தை எப்படி அளந்தான்? சும்மா எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு லூப். கியூஎமுவில் 'மோட்டார் ஆன்' என்ற வரி அவன் நினைத்த நேரத்துக்கு டாணென்று வந்தது. என்னிடம் காட்டினான்.

கியூஎமு வரியில் பிராசசரைச் சொல்லலாம், ராமைச் சொல்லலாம், கடிகாரத்தை 1999-க்குத் திருப்பியும் வைக்கலாம். நிஜப் பிராசசரின் வேகத்தைச் சொல்ல இடமில்லை. கியூஎமு விடையைத்தான் அச்சு அசலாகத் தரும், அதற்கு எடுக்கும் நேரத்தைத் தராது. லேப்டாப் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் எண்ணும். ஆர்ட்டி ஏ7 என்ற நிஜப் போர்டில் சக்தியை ஏற்றி அதே புரோகிராமை ஓடவிட்டால், அந்த லூப் எப்போது முடியும் என்று அவன் லேப்டாப்பால் சொல்ல முடியாது. எண்ணாதே, டைமரைக் கேள் என்றேன். "இதுலதான் சரியா வருதே சார்?" என்றான். பக்கத்து லேப்டாப்பில் அதே ஃபைலை ஓட்டச் சொன்னேன். அது புதுசு. அவன் வாய் எடுப்பதற்குள் மோட்டார் ஆன் ஆகிவிட்டது.

இப்போது டைமருக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். போர்டு எப்போது சார் வரும் என்று வாரா வாரம் கேட்கிறான். கொட்டேஷன் மூன்று வாங்கிக் கொடுத்தாயிற்று, ஃபைல் ஆபீஸில் இருக்கிறது என்று நானும் வாரா வாரம் சொல்லிவருகிறேன்.