மீட்டர் வைத்துப் பார்க்காத வண்டி

இருபது வருடமாக ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு வண்டி விஷயத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் மாதம். பெஷாவர்க்காரர் ஒருவர் தன் செவர்லே சில்வராடோ பிக்கப்பைக் கொண்டுவந்தார். துபாய் அல் அவீர் மார்க்கெட்டில் பழப்பெட்டி ஏற்றி, மசாஃபி மலைப்பாதை வழியாக ஃபுஜைரா போகிற வண்டி. காலையில் நன்றாக ஓடும். கியர்பாக்ஸ் சூடேறியதும் முதல் கியர் வராது, நின்ற இடத்திலிருந்து கிளம்பவே திணறும். நாலாவதும் விழாது. இரவு ஆறிவிட்டால் மறுநாள் பழையபடி ஓடும்.

ஸ்கேனரைப் போட்டேன். பி0753. ஏ ஷிஃப்ட் சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். ஸ்கேனர் சொன்னது சுற்றைப் பற்றி. சோலனாய்டே போய்விட்டது என்று முடிவு கட்டியது நான்.

அந்த வண்டியில் இருப்பது 4எல்60-இ கியர்பாக்ஸ். நான்கு கியரையும் மாற்றுவது ஏ, பி என்ற இரண்டே சோலனாய்டுகள். கரண்ட் வந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பிளஞ்சர் நகர்ந்து ஆயில் வெளியேறும் வழியை அடைக்கும். அழுத்தம் ஏறி வால்வைத் தள்ளும். இரண்டுக்கும் கரண்ட் இருந்தால் முதல் கியர். பி-க்கு மட்டும் என்றால் இரண்டு. இரண்டுக்கும் இல்லையென்றால் மூன்று. ஏ-க்கு மட்டும் என்றால் நான்கு. ஆக, ஏ செத்தால் ஒன்றும் நாலும் போகும். அவர் சொன்ன அறிகுறி அச்சாக அதுதான். ஏ-க்குக் கரண்ட் போகவில்லை என்பது நிச்சயம். ஏன் போகவில்லை என்று தேட எனக்குப் பொறுமை இல்லை.

தேடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. கியர்பாக்ஸின் வலப்பக்கம் இருக்கும் 20 பின் கனெக்டரைக் கழற்றி, கியர்பாக்ஸ் பக்கம் ஏ, இ என்ற இரண்டு பின்களில் மீட்டரை வைக்க வேண்டும். ஆறிய நிலையில் 20 ஓமை ஒட்டிக் காட்டினால் சோலனாய்டின் சுருள் நலம். சூட்டில் 25, 30 வரை ஏறும். செம்பின் குணம் அது. ஒரு சொட்டு ஆயில் சிந்தாத ஐந்து நிமிட வேலை. பி0751 என்று வந்திருந்தாலாவது ஆயில் பாதை அடைப்பு, பிளஞ்சர் சிக்கல் என்று அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்ற ஒரு நியாயம் உண்டு.

என்னிடம் ஹெல்பராக இருந்த பையன் ராமநாதபுரம் பக்கம். ஐடிஐ முடித்துப் புதிதாக வந்தவன்.

"அண்ணே, மீட்டர் வச்சு ஒரு தடவ பாத்துரலாமாண்ணே?"

"ஸ்கேனரே சொல்லிருச்சு. நீ ஸ்பேனர எடு."

கடையில் என்னை உஸ்தாத் என்பார்கள். நேற்று வந்தவன் சொல்லி நான் மீட்டரை எடுப்பதா என்கிற திமிர்தான் அது. பேனின் 16 போல்ட்டையும் கழற்றி, புது சோலனாய்டு, ஃபில்டர், கேஸ்கெட், ஆயில் எல்லாம் போட்டு 850 திர்ஹம் வாங்கினேன். ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் மசாஃபி ஏற்றத்தில் மாம்பழ லோடோடு நின்றுவிட்டது.

பெஷாவர்க்காரர் வந்து முதலாளி முன்னால் சத்தம் போட்டார். நான் வாய் கூசாமல் சொன்னேன்: "கனெக்டரப் பையன் சரியா மாட்டல." பையன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவன் விசா முதலாளி கையில், முதலாளி காதில் ஏறுவது என் பேச்சு. அந்த மாதம் அவனுக்கு 200 திர்ஹம் பிடித்தார்கள். அவன் சம்பளமே 900.

அன்றிரவு எல்லாரும் போனபின் தனியாக உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பழைய சோலனாய்டைத் தேடியெடுத்து மீட்டர் வைத்தேன். 22 ஓம். கரண்ட் கொடுத்தேன், டக்கென்று அடித்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை போகும் வயரில் மீட்டரை மாட்டிவிட்டு, வயரைக் கையால் வளைத்துக்கொண்டே போனேன். பெல் ஹவுசிங் பக்கம் கிளிப் பிடித்திருந்த இடத்தில் மீட்டர் ஓப்பன் காட்டியது. விட்டால் தொட்டது, வளைத்தால் விட்டுப்போனது. மேலுறையில் ஒரு கீறல் இல்லை. இழுத்தபோது அந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. பேனைக் கழற்றும்போது வயர் ஹார்னஸ் அசைந்து அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆறு நாள் ஓடியது அதனால்தான்.

அந்தத் துண்டை வெட்டிப் புது வயர் சேர்த்தேன். காலையில் "கனெக்டர் சரி பண்ணியாச்சு" என்று சொல்லி வண்டியைக் கொடுத்தேன். 850 திர்ஹத்தில் ஒரு காசு திருப்பித் தரவில்லை. பையனிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். போகும்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் தெரிந்துகொள். கனெக்டரை நீ சரியாகத்தான் மாட்டியிருந்தாய். அந்த 200 திர்ஹம் நான் உனக்குத் தர வேண்டிய பாக்கி.