எண்பது சென்டிமீட்டர்

குதிரை என்றதும் உங்களில் பலருக்கு மெரினா பீச் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலம். எனக்குச் சோறு ஞாபகம் வரும். என் அப்பா ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் ‘சைஸ்’. குதிரைக்குத் தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்து, உடம்பு தேய்த்து, லாயம் கூட்டுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் பத்தாவது தாண்டி இந்தப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தேன்.

லீவு நாட்களில் நானும் அங்கே போவேன். தாண்டும் போட்டி வைத்தால் கம்பு தூக்குவது என் வேலை. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, அதில் வரிசையாக ஓட்டை, ஓட்டையில் மாட்டிய ‘கப்’, கப்பின்மேல் கம்பு. கம்பைக் கட்டக் கூடாது. குதிரையின் கால் பட்டால் விழ வேண்டும், விழாவிட்டால் குதிரை விழும்! கம்பு விழுந்தால் 4 தப்புப் புள்ளி. குதிரை முரண்டு பிடித்து நின்றாலும் 4.

ஒலிம்பிக்கில் உயரம் 1.60, 1.65 மீட்டர் வரை போகும். என் தலை அந்தக் கம்புக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும். உலக சாதனையோ 2.47 மீட்டர். சிலி நாட்டு ராணுவக் கேப்டன் ஆல்பர்ட்டோ லாராகிபெல், ஹுவாசோ என்ற 16 வயதுக் குதிரையில் 1949-இல் தாண்டியது. இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆபீஸ் முடிந்து கற்றுக்கொள்கிறவர்களும்தான். அவர்களுக்கு 60, 80, 100 சென்டிமீட்டர் என்று மூன்று பிரிவு. பிரிட்டனில் இதைப் படிப்படியாகவே வைத்திருக்கிறார்கள்: ‘பிரிட்டிஷ் நாவிஸ்’ 90 சென்டிமீட்டர், ‘டிஸ்கவரி’ 1 மீட்டர், ‘நியூகமர்ஸ்’ 1.10, ‘ஃபாக்ஸ்ஹண்டர்’ 1.20.

பத்து சென்டிமீட்டரில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்பாவிடம் கேட்டேன்.

“குதிரைக்கு ஒண்ணும் இல்லடா. மேல உக்காந்திருக்கிற புள்ளைக்குத்தான் எல்லாம்.”

கம்பு தாழ்வாக இருந்தால் குதிரை ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு பெரிய எட்டு வைத்துக் கடந்துவிடும். உயர உயர அதன் முதுகு வளைந்து எழும்பும், மேலே இருப்பவரைத் தூக்கிப் போடும். பயந்து கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் குதிரைக்கு வாய் வலிக்கும். அடுத்த தடவை அது கம்புக்கு முன்னால் நின்றுவிடும். தப்பு யாருடையது? எல்லோரும் குதிரையைத்தான் திட்டுவார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டேப்பில் எண் பார்க்கத் தெரியாது. ஆனால் இரண்டு தடைகளுக்கு நடுவே அவர் நடந்து பார்ப்பதைப் பார்க்க வேண்டும்! குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி, மனிதக் கணக்கில் நாலு நீள எட்டு. தாண்டி இறங்க இரண்டு, நடுவில் ஒரு பாய்ச்சலுக்கு நாலு, மறுபடி எழும்ப இரண்டு. ஆகமொத்தம் 24 அடி. போனிக்கு இதைக் குறைக்க வேண்டும். (போனி என்றால் குட்டி இல்லை. முன்தோள் உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாத சின்ன ரகக் குதிரை.) டேப் வைத்துப் பார்த்தால் அப்பாவின் கணக்கு அரை அடிக்கு மேல் தவறாது.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு போட்டி. முந்தின வாரம் நல்ல மழை. 80 சென்டிமீட்டர் பிரிவுக்கு ஐந்தாவது தடையை நான்தான் வைத்தேன். ஓட்டையை எண்ணி, சரியாக எண்பதில் கப் மாட்டினேன். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது. இரண்டு ஸ்டாண்டும் மேட்டில் நிற்கின்றன. நடுவில் குளம்பு பட்டுப் பட்டு, மழைத் தண்ணீரும் அரித்துப் பள்ளம். சர்வே பிராக்டிகலில் ஸ்டாஃப் பிடித்தவனுக்கு இது தெரியாதா? டேப்பை எடுத்து நடுவில் வைத்தேன். 88.

அப்பாவிடம் சொன்னேன். அவர் காலால் தேய்த்துப் பார்த்தார். “ஆமாண்டா, பள்ளந்தான்” என்றார். பிறகு, “பெரியவங்க பாத்துப்பாங்க. நாம போயி சொன்னா நல்லா இருக்காது” என்றார். நானும் பேசாமல் இருந்தேன். சைஸ் பையன் வந்து அளவு தப்பு என்று சொன்னால் என்ன சொல்வார்களோ!

முதல் குதிரை பின்னங்காலால் கம்பைத் தட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்தது பன்னிரண்டு வயதுச் சிறுமி. குதிரை பள்ளத்தில் கால் வைத்ததும் தயங்கி நின்றுவிட்டது. பிள்ளை கம்பின்மேல் போய் விழுந்தாள். அடி பெரிதாக இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அவள் அழுதுகொண்டே குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, “என் தப்புதான், என் தப்புதான்” என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தடைகளை அமைத்த சாரிடம் ஓடினேன். “சார், ஓட்டையில எண்பது. தரையிலேர்ந்து எண்பத்தெட்டு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. தானே வந்து அளந்தார். மணல் கொட்டி நிரவச் சொன்னார். முன்னால் போன மூன்று பேரும் மறுபடி தாண்டலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை, அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதன்பிறகு பயிற்சிக்கும் வரவில்லை. தப்பு அவளுடையது இல்லை என்று யாராவது அவளிடம் சொன்னார்களா என்று தெரியாது. காலையில் 88 என்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அன்று இரவு லாயத்தில் அப்பா கொள்ளு ஊற வைத்துக்கொண்டே, “நான் உன்னைத் தடுத்திருக்கக் கூடாதுடா” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சுற்று வருகிறோம். கம்பின் நடுவில், குதிரை எழும்புகிற பக்கம், டேப்பின் பூச்சிய முனையை அப்பா தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். குனிந்தபடியே கேட்பார்:

“எவ்வளவுடா?”

— இரண்டாம் ஆண்டு, சிவில்