பெட்ஃபோர்டில் ஒரு இத்தாலியப் பாட்டி

மகளின் முதல் பிரசவத்துக்காக 2006-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன். பெட்டியில் என்னவெல்லாம் கட்டிக்கொண்டு போனேன் தெரியுமோ? பிரசவ லேகியம், வசம்பு, கஸ்தூரி மஞ்சள், பழைய வேஷ்டித் துணி ஒரு மூட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க ஒரு சின்ன பாட்டில் மலைத்தேன்.

மகள் இருந்த ஊர் பெட்ஃபோர்ட். லண்டனுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ஊஸ் என்று ஒரு நதி, அதில் அன்னங்கள், கரையோரம் நடைபாதை. எல்லாம் நாம் படங்களில் பார்த்த இங்கிலாந்துதான். ஆனால் கடைத்தெருவுக்குப் போனால் நாடே மாறிவிட்டது! காப்பிக் கடை வாசலில் வயசான ஆண்கள் கும்பலாக உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடையில் பெரிய பெரிய தகர டின்னில் ஆலிவ் எண்ணெய். "இவங்க எல்லாம் இத்தாலிக்காரங்கம்மா" என்றாள் மகள். "ஊர்ல பத்தாயிரம் பேருக்கு மேல இருக்காங்க."

காரணம் செங்கல். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்ட இங்கிலாந்துக்குக் கோடிக்கணக்கில் செங்கல் வேண்டியிருந்தது. பெட்ஃபோர்டைச் சுற்றியுள்ள களிமண் அதற்குப் பேர்போனது. அந்த மண்ணிலேயே எரியக்கூடிய பொருள் கலந்திருப்பதால் சூளைக்கு விறகோ கரியோ அதிகம் பிடிக்காதாம். மண் இருந்தது, வேலைக்கு ஆள் இல்லை. 1951 முதல் தென் இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஆண்களை ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கில் அழைத்து வந்தார்கள். முதலில் முகாம்களில் தங்கினார்கள். பிறகு வீடு பிடித்து மனைவிமார்களை வரவழைத்தார்கள். 1965-ல் தங்களுக்கென்று ஒரு தேவாலயமும் கட்டிக்கொண்டார்கள்.

அப்படி வந்த ஒருத்தர்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. இத்தாலியில் பாட்டியை 'நோன்னா' என்பார்கள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நேப்பிள்ஸுக்கு உள்ளே தள்ளி ஒரு மலைக் கிராமம். 1960-ல், இருபது வயதில், செங்கல் சூளையில் வேலை பார்த்த கணவரோடு குடித்தனம் செய்ய வந்தாராம்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது கொல்லையில் பெரிய டிரம்மில் தக்காளிச் சாறு பாட்டில்களை வேகவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை கூடையாகத் தக்காளி. வருஷம் முழுவதற்குமான குழம்புக்குச் சேர்த்துவைக்கிறார்கள். நம் வீட்டு வடாம் போடுகிற நாள் மாதிரியே இருந்தது, காக்காயை விரட்டுகிற வேலை ஒன்றுதான் இல்லை. சற்றுத் தள்ளி, ஒரு மாதக் கைக்குழந்தை தள்ளுவண்டியில் படுத்திருந்தது. தலையில் கம்பளிக் குல்லா. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, ஒன்றும் பேசாமல் குல்லாவைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் நோன்னா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரும்ப மாட்டினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல் வேறு!

அந்தப் பெண்தான் மருமகள், அசல் ஆங்கிலேயப் பெண். நோன்னா வீட்டை ஒட்டியே மகன் வீடு. நடுவில் ஒரே சுவர்.

எனக்கும் நோன்னாவுக்கும் சிநேகம் ஒட்டிக்கொள்ள இரண்டு நாள் ஆகவில்லை. அவருடைய இங்கிலீஷும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் ஒருவருக்கொருவர் கூச்சமே இல்லை. 'கோல்போ தாரியா' என்று அடிக்கடி சொல்வார். கழுத்திலோ வயிற்றிலோ காற்று அடித்தால் நோய் வந்துவிடும் என்று அர்த்தம். "பச்ச உடம்புக்காரி, ஜன்னலைச் சாத்து" என்று என் மாமியார் சொன்னதும் அதேதானே! பிரசவமானவளுக்கு நாற்பது நாள் கோழி ரசம் கொடுப்பது அவர்கள் வழக்கம். அக்டோபரில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, வேலிக்கு மேலே ஒரு சட்டி கோழி ரசம் ஆவி பறக்க வந்து சேர்ந்தது. நல்ல வேளை, நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள்.

இங்கிலாந்தில் பிரசவமாகி வீட்டுக்கு வந்தபிறகு நர்ஸம்மா வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார். அவர் வந்த அன்று என் தேன் பாட்டில் மேஜை மேல் இருந்தது. "ஒரு வயசு ஆகிறவரை தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்றார். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்குமாம். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். குழந்தை பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு போகும், மூச்சுக்கூடத் திணறும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாதாம். என் மூன்று பிள்ளைகளுக்கும் சேனை வைத்தவள் நான், வாயடைத்துப் போனேன். பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். நோன்னாவிடம் சொன்னபோது, "எனக்கும் இதே திட்டுத்தான்! ரப்பர் காம்பைத் தேனில் தொட்டுக் கொடுத்தேன்" என்று சிரித்தார்.

குல்லா விஷயத்திலும் மருமகள் பக்கம்தான் நியாயம். வீட்டுக்குள் குல்லா போட்டால் குழந்தைக்கு உடம்பு சூடேறிவிடும், தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றார் நர்ஸம்மா. அறை 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். 1991-லிருந்து இதை நாடு முழுக்கப் பிரசாரம் செய்தபிறகு அப்படிப்பட்ட சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டனவாம்.

ஆனால் எல்லாவற்றிலும் இங்கிலீஷ் வழிதான் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கொடுக்கிற முதல் ஆகாரத்தில் நோன்னாவை மிஞ்ச ஆளில்லை. கேரட், உருளைக்கிழங்கு, சுரைக்காய் மாதிரி ஒரு காய், மூன்றையும் உப்பில்லாமல் வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அரிசி மாவைக் கரைத்துக் கஞ்சியாக்கி, ஒரு டீஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு, துளி பாலாடைக்கட்டி துருவிப் போடுவார்கள். மணக்கும்! அந்த எண்ணெய்க்கே ஒரு கதை உண்டு. 1960-ல் இங்கே ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில்தான் கிடைக்கும், காதில் விடுவதற்குச் சின்னச் சின்ன பாட்டிலில். நோன்னா சமையலுக்காக ஆறு பாட்டில் சேர்ந்தாற்போல் வாங்கியிருக்கிறார். கடைக்காரர், "உங்கள் வீட்டில் எல்லாருக்குமே காது வலியா?" என்று அனுதாபமாகக் கேட்டாராம்.

மாமியார் மருமகளுக்குள் நிஜமான சண்டை சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். ஏழு அடித்தால் குழந்தையைத் தனி அறையில் தொட்டிலில் விட்டு விளக்கை அணைத்துவிடுவாள் மருமகள். குழந்தை வீல் என்று கத்தும். சுவருக்கு இந்தப் பக்கம் நோன்னா துடித்துப்போவார். இத்தாலியில் குழந்தைகள் பெரியவர்களோடு பத்து மணி வரை சாப்பாட்டு மேஜையிலேயே இருந்து, யார் மடியிலோ தூங்கிவிடுமாம். பொறுக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்துகொள்வார். அங்கே எங்கள் குழந்தையை எட்டு மணி, ஒன்பது மணி என்று நான் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. (என் மகளுக்கு இல்லை. அவளும் ஏழு மணிக் கட்சிதான் என்று பிறகு தெரிந்தது.)

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் மனசில் இருந்ததைச் சொன்னார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இரண்டும் பெண்கள். வந்த புதிதில் இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, டாக்டரிடம் போனால் மூத்த பெண்தான் மொழிபெயர்ப்பு. 1970-ல் கடைசிப் பையன் பிறந்த பிறகு நோன்னாவுக்குக் கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு. கூடப் போனவள் ஒன்பது வயதுச் சிறுமி. கர்ப்பப்பைக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அம்மாவுக்கு முன்னால், ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்லும்? "அம்மாவுக்கு வயிறு வலிக்குது" என்றாளாம். ஜீரண மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர். இரண்டு மாதம் அதையே குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"இனிமே என் பிள்ளைக்கு இந்தக் கதி வேண்டாம்னு நினைச்சேன்" என்றார். 1975-ல் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், அப்போதுதான் முன்னுக்கு வருவான் என்று டீச்சர் சொன்னாராம். சொன்னபடி செய்தார். தனக்குத் தெரிந்த ஐம்பது, அறுபது வார்த்தையை வைத்துக்கொண்டு பையனை வளர்த்தார். "சாப்பிடு, தூங்கு, கையைக் கழுவு, குளிருது. இதுக்கு மேல என் பிள்ளைகிட்ட நான் என்னம்மா பேசினேன்? எங்க ஊர்க் கதை ஒண்ணுகூடச் சொல்லலையே."

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். குழந்தை முழித்துக்கொண்டு அழுதது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இங்கிலீஷ் மருமகள் ராத்திரி வகுப்பில் சேர்ந்து இத்தாலி மொழி படித்துக்கொண்டிருந்தாள்! "குழந்தையிடம் உங்கள் மொழியிலேயே பேசுங்கள்" என்று மாமியாரைக் கெஞ்சவும் செய்தாள். நோன்னா அசையவில்லை. நோன்னாவுடையது மலைக் கிராமத்துப் பேச்சு, புஸ்தகத்து இத்தாலி மொழி வேறு. "நான் பேசறது பட்டிக்காட்டுப் பேச்சு. படிச்சவங்ககிட்ட கேட்டுக்கோ" என்று தன் ஓட்டை இங்கிலீஷிலேயே குழந்தையைக் கொஞ்சுவார். தன்னை அறியாமல் வாய் தவறி வருகிற ஒரே வார்த்தை 'க்ரியாத்தூரா'. அதற்கும் மருமகளின் முகம் சுருங்கும். எனக்குக் காரணம் புரியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் 102 டிகிரி. மார்பு சிவந்து கல்லாகிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்து, 'பால் கொடுப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் இன்னும் கட்டிக்கொள்ளும்' என்று சொல்லியிருந்தார். பால் கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் குழந்தை மாமியார் கையில். ஏழு மணிச் சட்டம் அன்றைக்குக் காற்றில் போயிற்று.

நான் மிளகு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நோன்னா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், தன் ஊர்ப் பேச்சில் மழையாகப் பொழிந்துகொண்டிருந்தார். அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. குரலே வேறு. நாற்பத்தாறு வருஷம் தேக்கி வைத்ததல்லவா! மாடிப்படியில் அந்தப் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நோட்டுப் புஸ்தகம், பென்சில். காதில் விழுகிறதை விழுகிறபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் நோன்னா பேச்சை நிறுத்தினார். அப்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "என் பொண்ணை ஏன் 'கிரியேச்சர்'னு சொல்றீங்க?" இங்கிலீஷில் கிரியேச்சர் என்றால் ஜந்து, பிராணி. மூன்று மாதமாக அந்தப் பெண் இதை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள்!

நோன்னாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஊர்ப் பேச்சில் க்ரியாத்தூரா என்றால் பச்சைக் குழந்தை, கடவுள் படைத்த சிசு. அதைவிடச் செல்லமான வார்த்தை அவரிடம் கிடையாது. இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். ரசம் ஆறிப்போயிற்று. நான் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு. ஏழு மணிக்குத் தூக்கம் என்பது மருமகள் சட்டம், குல்லா வீட்டுக்குள் கிடையாது. பகலெல்லாம் குழந்தை நோன்னாவிடம், மலைப்பேச்சில். நான் ஜனவரியில் ஊர் திரும்பிவிட்டேன்.

மறுபடி 2022 கோடையில்தான் போக முடிந்தது. முன்பு நோன்னாவும் அவர் கணவரும் என்னைச் சின்ன ரயிலில் ஸ்டூவர்ட்பிக்கு அழைத்துப் போய்ச் செங்கல் சூளையைக் காட்டியிருந்தார்கள். உயர உயரமான புகைபோக்கிகள், கந்தக நெடி. சூளையை 2008-ல் மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த நான்கு புகைபோக்கிகளையும் 2021-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். நோன்னாவின் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நோன்னாவுக்கு எண்பத்திரண்டு. கொல்லையில் தக்காளி மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கைக்குழந்தைக்குப் பதினாறு வயது ஆகப்போகிறது. நெட்டையாக, தங்கத் தலைமுடியோடு அசல் இங்கிலீஷ் பெண். வாயைத் திறந்தால் நோன்னா! முந்தின வருஷங்களில் ஒரு லீவுக்கு அவளைக் கிராமத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே அவள் வயசுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததாம். டி.வி. பார்த்து அவர்கள் எல்லோரும் புஸ்தகத்து மொழிக்கு மாறிவிட்டார்கள். இவள் பேசுவதோ செத்துப்போன கொள்ளுப்பாட்டிகள் பேசியது. அவளுக்குக் கோபம். நோன்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உன் பேத்தி உங்க மொழி பேசுவாளா?" என்று என்னைக் கேட்டார்.

பேத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் அந்த ஒரு மாதமாக இங்கிலீஷில்தான் பதில் வந்துகொண்டிருந்தது. "எல்லாம் புரியும்..." என்று இழுத்தேன்.

நோன்னா மேற்கொண்டு கேட்கவில்லை. கரண்டி நிறையப் பாஸ்தாவை எடுத்து அவள் தட்டில் போட்டார். இன்னொரு கரண்டி. "மாஞ்ஞா, மாஞ்ஞா" என்று மூன்றாவது கரண்டியும் வந்தபோது, என் பேத்தி தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயோ, போதும் பாட்டி!"

நோன்னாவுக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது. கையை விலக்கிவிட்டு மூன்றாவது கரண்டியையும் போட்டார்.