கிடைக்காத புதன்

மகள் வான்கூவரில் இருக்கிறாள், மகன் சிட்னியில். நடுவே திருச்சி பொன்மலையில் நாங்கள் இருவர். மகளின் பிரசவத்துக்காகக் கனடா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு, அங்கிருந்தே மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. டிக்கெட் பார்க்க உட்கார்ந்த மகள்தான் கேட்டாள்: "பிளைட்ல போனா பதினஞ்சு மணி நேரம். கப்பல்ல போனா மூணு வாரம். கப்பல்ல போறீங்களாம்மா?"

கோடை முழுக்க வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குப் போய்வரும் உல்லாசக் கப்பல்களுக்குச் செப்டம்பர் கடைசியோடு அங்கே வேலை முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அதற்குப் பிறகுதான் கோடை. கப்பல் எப்படியும் பசிபிக்கைக் கடந்து இடம் மாறியாக வேண்டும். சும்மா போவானேன் என்று பயணிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். துறைமுகங்கள் குறைவு, கடலில் கழியும் நாட்கள் அதிகம், அதனால் கட்டணமும் குறைவு. ஜன்னல் இல்லாத உள்ளறை என்றால் இன்னும் குறையும். மகள் விளக்கி முடிப்பதற்குள் இவருக்குப் புரிந்துவிட்டது. "காலி ரேக்கை அடுத்த ஸ்டேஷனுக்கு நகர்த்துற மாதிரி" என்றார்.

இவர் ரயில்வேயில் 34 வருடம் கார்டாக இருந்தவர். நான் அரசுப் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வரலாறும் புவியியலும் நடத்தினேன். உலக உருண்டையைச் சுழற்றிக் காட்டியே 31 வருடம் ஓடியது. அந்த உருண்டையில் நீலமாக மட்டும் இருக்கும் பக்கத்தை, சாக்பீஸ் பட்ட விரலால் நூறு முறை தொட்டிருக்கிறேன். அதன் மேல் ஒருநாள் மிதப்பேன் என்று நினைத்ததே இல்லை.

வான்கூவரில் கப்பல் ஏறிய அன்றே ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. ஏழு குறுகிய ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி. கேட்டால் உயிர்காப்புப் படகு இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். ஊதல் சத்தத்துக்கு அர்த்தம் படித்தே வாழ்ந்தவர் இவர். அதைக் கேட்டதும் பழைய மிடுக்கோடு நிமிர்ந்து நின்றார்.

கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போனது. கூட்ஸ் வண்டி வேகம். ஹொனலூலுவுக்கு 4,000 கிலோமீட்டருக்கும் மேல். ஐந்து நாள் கரையே கண்ணில் படவில்லை. மற்றவர்கள் வெயிலுக்கும் நீச்சல் குளத்துக்கும் மேல்தளத்துக்குப் போக, இவர் தினமும் கப்பலின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியருகே போய் நின்றுகொள்வார். கடலில் கப்பல் கிழித்துப்போன வெள்ளைத் தடம் அடிவானம் வரைக்கும் நீண்டு, மெல்ல மெல்லக் கரைந்து மறையும். அதை மணிக்கணக்காகப் பார்ப்பார். வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று, கடந்துபோன ஊர்களைப் பார்த்தே பழகிய மனிதருக்கு அதுதான் சொந்த இடம் என்று எனக்குத் தோன்றியது. நானும் அங்கேயே உட்கார ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாள் இரவு அறைக்குத் திரும்பியபோது, படுக்கையின் மேல் ஒரு சீட்டு இருந்தது. இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கவும் என்றது. மேற்கே போகப்போக உள்ளூர் நேரம் பின்தங்கும் என்பது பாடம்தான். ஆனால் படுக்கையின் மேல் சீட்டாக வந்து கிடந்தபோது யாரோ அன்பளிப்பு வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ஹொனலூலு போய்ச் சேருவதற்குள் மூன்று இரவுகள் அப்படி வந்தன. அந்த மூன்று நாளும் எங்களுக்கு 25 மணி நேரம்.

எங்கள் வாழ்க்கையில் அதிகமாகக் கிடைக்காத பொருள் அது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் நடுராத்திரி, வேலைக்குக் கூப்பிடும் கால் பாய் வந்து கதவைத் தட்டுவார். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார். எப்போது திரும்புவார் என்று கேட்கிற வழக்கமே எனக்கு இருந்ததில்லை. கேட்டாலும் பதில் அவரிடம் இருந்திருக்காது.

மூன்றாவது 25 மணி நேர இரவில், பின்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது இவராகவே ஆரம்பித்தார். "பாப்பாவுக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சே, அந்த ராத்திரி. உனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கா?"

மகளுக்கு அப்போது நான்கு வயது. தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த இரவு முழுக்க இவருடைய கூட்ஸ் வண்டியை அரியலூருக்கு அந்தப்பக்கம் லூப் லைனில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விஷயம் இவருக்குத் தெரிந்தது மறுநாள் மதியம். அந்த இரவைப் பற்றி நாங்கள் 35 வருடம் பேசியதில்லை.

"கோபம் எல்லாம் இல்லங்க" என்றேன். "நீங்க எங்க இருக்கீங்க, எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னே தெரியாம இருந்தேன் பாருங்க. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவழித் தடம் இருட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தது.

ஹொனலூலுவைத் தாண்டித் தெற்கே இறங்கினோம். வடக்கே துருவ நட்சத்திரம் நாளுக்கு நாள் தாழ்ந்தது. நாம் நிற்கும் அட்சரேகை எத்தனை பாகையோ, அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்தில்தான் அது தெரியும். வான்கூவரில் 49, ஹொனலூலுவில் 21. பிறகு ஒருநாள் நம் திருச்சியில் தெரிகிற உயரத்துக்கு வந்து, அதற்கும் கீழே போய், பூமத்திய ரேகையை நெருங்கியபோது கண்ணுக்கே தட்டுப்படவில்லை. பூமி உருண்டை என்று கரும்பலகையில் எழுதியவள், அதன் வளைவில் இறங்கிப் போவதை உடம்பால் உணர்ந்தேன். விமானத்தில் எத்தனை முறை பறந்தும் இது எனக்குத் தெரிந்ததில்லை. அங்கே கதவை மூடுகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள். இடையில் இருந்த உலகம் எங்கே போனதென்று யாரும் கேட்பதில்லை.

பிறகு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. ராத்திரி கதவிடுக்கில் செருகியிருந்த மறுநாள் நிகழ்ச்சி நிரலில் வியாழன் என்று அச்சிட்டிருந்தது. சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுகிறோம். "மிஸ், அந்தக் கோட்டைத் தாண்டினா என்னாகும்?" என்று வருடா வருடம் ஒரு பெண்ணாவது கேட்பாள். கிழக்கிலிருந்து மேற்கே தாண்டினால் ஒரு நாளை இழப்போம் என்று சொல்வேன். இரண்டு மதிப்பெண் வினா.

அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் நேரில் பார்த்தது மாத்திரை டப்பாவில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமாக, நான்கு வாரத்துக்கு 28 அறை கொண்ட டப்பாவில் மகள் மாத்திரைகளை நிரப்பி, ஒவ்வோர் அறைக்கும் கிழமை எழுதிக் கொடுத்திருந்தாள். தூங்கி எழுந்தேன். செவ்வாய் அறை காலி. அடுத்துப் போட வேண்டியது வியாழன். நடுவே புதன் அறையில் மூன்று மாத்திரைகள் அப்படியே இருந்தன. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நல்ல காரியங்களுக்கு நாள் பார்க்கும்போது அம்மா சொல்வாள். சொல்லுக்குச் சொல் அது பலித்ததைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஏழு மணி இருக்கும். இவரிடம் டப்பாவை நீட்டினேன். பார்த்துவிட்டு, தன் கையைத் திருப்பிக் காட்டினார். பழைய ஹெச்.எம்.டி. கடிகாரம். வேலையில் சேர்ந்த நாள் முதல் அது நம் ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது. வெளிநாட்டுக்கு வந்தும் அதை அவர் மாற்றவில்லை. கிழமை காட்டும் சின்னக் கட்டத்தில் புதன் என்று இருந்தது. இரவு பதினொன்றரை.

"புதன் எங்கேயும் போகல டீச்சர். பொன்மலையில இருக்கு" என்றார்.

முந்தின நாள்வரை ஊர் எங்களுக்குப் பதினாறரை மணி நேரம் முன்னே இருந்தது. ஒரே இரவில் ஏழரை மணி நேரம் பின்னுக்குப் போய்விட்டது. வான்கூவரிலிருந்து சிட்னி வரை கப்பல் எங்களுக்கு ஒன்று ஒன்றாக ஆறு மணி நேரம் கொடுத்து, ஒரே இரவில் 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. சிட்னியிலிருந்து மேற்கே திருச்சிக்கு வந்தால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். அப்படியே சுற்றி வான்கூவருக்கே போனால் இன்னும் பன்னிரண்டரை. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

இந்தக் கணக்கில் முதலில் இடறியவர்கள் மெகல்லனின் மாலுமிகள். 1519-இல் ஐந்து கப்பல்களில் கிளம்பியவர்களில் எஞ்சியோர், 1522 ஜூலையில் விக்டோரியா என்ற ஒரே கப்பலில் கேப் வர்டி தீவுகளை அடைந்தார்கள். மெகல்லன் வழியிலேயே இறந்துவிட்டார். உணவு வாங்கக் கரைக்குப் போனவர்கள் இன்று என்ன கிழமை என்று விசாரித்தார்கள். வியாழன் என்றார்கள் அங்கிருந்தவர்கள். கப்பல் குறிப்பேட்டில் புதன். அந்தக் கப்பலில் ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு எங்கே பிசகினோம் என்று விளங்கவில்லை. அவர் பிசகவே இல்லை. சூரியன் போகும் திசையிலேயே உலகைச் சுற்றி வந்ததால் ஒரு விடியல் குறைந்துவிட்டது. 500 வருடம் முன்பு அந்த மனிதருக்கு உண்டான திகைப்பை மாத்திரை டப்பாவும் கையுமாக நின்ற எனக்குப் புரிந்தது.

நாங்கள் அடுத்து இறங்கிய சமோவா, ஒரு தேசமாகவே இந்தக் கணக்கைத் தீர்த்த இடம். அமெரிக்க வணிகத்துக்கு வசதியாக 1892-இல் தேதிக் கோட்டின் கிழக்குப் பக்கத்துக்குப் போன அந்தத் தீவில், ஜூலை 4 இரண்டு முறை வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் பெருகியதும் மேற்குப் பக்கமே வசதி என்று 2011-இல் திரும்பி வந்தார்கள். அந்த வருடம் அங்கே டிசம்பர் 30 இல்லை. வாங்கிய நாளை 119 வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பிஜித் தீவின் லவுடோக்கா. சர்க்கரை ஆலை ஊர். கரும்பு வெட்ட 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். கட்டணமில்லாமல் ஊர் திரும்ப வேண்டுமென்றால் பத்து வருடம் இருக்க வேண்டும். பலர் திரும்பவே இல்லை.

அங்கிருந்து நாடி என்ற ஊரில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் என் புடவையைப் பார்த்துப் பேச வந்தார். அவருக்குத் தமிழ் தெரியவில்லை, பிஜி இந்திதான். இவருடைய ரயில்வே இந்தி அன்று கைகொடுத்தது. அந்த அம்மாவின் தாத்தா நம் பக்கத்து மனிதர். கப்பலேறியபோது கொடுத்த குடியேற்றச் சீட்டின் நகலைப் பையிலேயே வைத்திருந்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். மாவட்டம் வட ஆற்காடு. ஊர்ப் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, "வாண்டிவாஷ்" என்றார். அது எங்கே இருக்கிறது, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதிய போரை வருடா வருடம் நடத்தியவள் நான். வெள்ளைக்காரன் எழுதிய எழுத்துக்குள் இருந்த ஊர் சட்டென்று தெரிந்தது. "வந்தவாசிம்மா. வந்தவாசி" என்றேன்.

அவர் உதட்டைக் குவித்து, திறந்து, மெல்லச் சொல்லிப் பார்த்தார். "வந்தவாசி." இரண்டாம் முறை என்னைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் முறை சந்நிதியைப் பார்த்துச் சொன்னார். தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினோம். பிஜிக்கும் வந்தவாசிக்கும் இடையில் இருந்த நீலத்தை விரலால் தள்ளித் தள்ளி, அந்த அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பின்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் குறைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தூரத்தை நான் பார்த்ததே இல்லை. கைப்பேசியில் முகம் தெரிந்தால் பக்கத்தில், அணைந்தால் எங்கேயோ. இப்போது அது எவ்வளவு என்று தெரியும். இருபத்துச் சொச்சம் இரவுகள், தாழ்ந்து மறைந்த ஒரு நட்சத்திரம், ஒரு புதன்கிழமை. அளவு தெரிந்தபிறகு அது என்னைப் பயமுறுத்தவில்லை. அரியலூர் லூப் லைனில் நின்ற அந்தக் கூட்ஸ் வண்டியை இத்தனை வருடம் கழித்து வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது வந்த அதே நிம்மதி.

அதற்குப் பிறகு பனாமா கால்வாய் வழியாக ஒரு முறை, நார்வே கடற்கரையை ஒட்டி ஒரு முறை என்று கப்பலேறிவிட்டோம். எங்கே போனாலும் இவர் முதலில் தேடுவது பின்தளத்தைத்தான். நானும் கூடவே போகிறேன்.

அந்த முதல் பயணம் முடிந்து சிட்னியில் இறங்கி வீட்டுக்குப் போன அன்று இரவு, மகன் என் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? ஒரு புதன்கிழமை மாத்திரை அப்படியே இருக்கு. போட மறந்துட்டியா?"

"மறக்கலப்பா. அந்தப் புதன் எனக்கு வரவே இல்ல."

அவன் புரியாமல் அப்பாவைப் பார்த்தான். இவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்துக்கு அன்றைய சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பொன்மலையில இருக்குடா. ஊருக்குப் போய் எடுத்துக்குவா."