காசு கொடுத்துச் சேற்றில் புரள்கிறவர்கள்

காசு கொடுத்து யாராவது சேற்றில் விழுவார்களா? விழுகிறார்கள் நண்பர்களே, அதுவும் ஆயிரக்கணக்கில்!

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டன் அருகே ஒரு பண்ணையில் 1987ல் 'டஃப் கை' தொடங்கியது. அமெரிக்காவில் 2010ல் 'டஃப் மடர்', 'ஸ்பார்ட்டன் ரேஸ்' இரண்டும் வந்தன. ஸ்பார்ட்டனில் நேரக் கணக்கு உண்டு. டஃப் மடரின் வழக்கமான ஓட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

பிறகு என்னதான் ஈர்ப்பு? 'எவரெஸ்ட்' என்ற தடையைப் பாருங்கள். வழுக்கும் வளைந்த சுவர். ஓடிப்போய் ஏறினால் பாதியில் சறுக்கும். மேலே ஏறியவர் குப்புறப் படுத்துக் கை நீட்டுவார். முன்பின் தெரியாத ஆள்! மாரத்தானில் பக்கத்தில் ஓடுகிறவர் போட்டியாளர். இங்கே அவர்தான் ஏணி.

பயிற்சிக்கு ஓட்டம் மட்டும் போதாது. கயிறு, கம்பி எல்லாம் வரும். கைப்பிடி விட்டுப்போனால் கால் பலம் உதவாது. அதனால் தினமும் கம்பியில் தொங்க வேண்டும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் தண்டால், மறுபடி ஓட்டம். ஈர ஷூவில் ஓடிப் பழகுவதும் முக்கியம். புது ஷூ வேண்டவே வேண்டாம், கொப்புளம் நிச்சயம்.

ஆனால் இது வெறும் விளையாட்டல்ல. 2013ல் மேற்கு வர்ஜீனியாவில், உயர மேடையிலிருந்து சேற்று நீரில் குதித்த ஒருவர் மூழ்கி இறந்தார். நீச்சல் தெரியாதவர்கள் அப்படிப்பட்ட தடையைச் சுற்றிப் போகலாம். டஃப் மடரில் அதற்கு அனுமதி உண்டு. கூச்சப்படத் தேவையில்லை. சேற்றைக் கழுவிவிடலாம், உயிரைத் திரும்ப வாங்க முடியாது.